டிஏடி (அமெரிக்கால டென்டல் ஸ்கூல் சேர எழுதற பரீட்சை) ஸ்கோர் கம்மியா வந்துருச்சு, 60 நாள்ல திரும்ப எழுதணுமா, ஒரு வருஷம் விடணுமா?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் ஃபோன் பண்ணாரு, எடிசன்ல இருக்கறவர், நாங்க மதுரைல இருந்து நியூ ஜெர்சி வந்தப்ப நான் எட்டாவது, அப்பலேந்து பழக்கம். "தம்பி, பாப்பாவுக்கு டிஏடில ஸ்கோர் கொறஞ்சிருச்சுப்பா, 60 நாள் கழிச்சு மறுபடி எழுதலாமாமே, இப்பவே டேட் புக் பண்ணிடவா?"ன்னாரு. எந்த செக்‌ஷன்ல எவ்ளோ அங்கிள்னு கேட்டேன். "அதெல்லாம் தெரியலப்பா, மொத்தமா கம்மி."

இந்த 'மொத்தமா கம்மி'லதான் பாதிப் பேர் விழறோம், நானும் விழுந்தவன்தான். 2021ல மொத தடவை எழுதினப்ப எனக்கு அகாடமிக் ஆவரேஜ் 30க்கு 17. அத வச்சுக்கிட்டு ஆகஸ்ட் கடைசில 12 ஸ்கூலுக்கு அப்ளை பண்ணேன், ஒரு இடத்துல இருந்துகூட இன்டர்வியூ வரல. அடுத்த வருஷம் மறுபடி எழுதி 20 வாங்குனேன், அதுக்கப்புறம்தான் சீட்டு. இப்ப மூணாவது வருஷம், பேஷன்ட் வாய்க்குள்ள கை வைக்க விட்டுட்டாங்க. அங்கிள்கிட்ட ஃபோன்ல சொன்னதயே கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா நம்ம வீடுகள்ல வருஷா வருஷம் இதே பேச்சுதான், அதே அவசரம்தான்.

பரீட்சை பத்தி தெரியாத அப்பா அம்மாக்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். இது நீட் மாதிரி கெடையாது, ரேங்க் லிஸ்ட்டு கவுன்சிலிங் எல்லாம் இல்ல, காலேஜ் மார்க்கு, லெட்டரு, ஷேடோயிங் (டென்டிஸ்ட் பக்கத்துல நின்னு வேலையப் பாக்கறது), இன்டர்வியூ எல்லாத்தோடயும் சேத்துதான் இந்த ஸ்கோரையும் பாப்பாங்க. அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் (ஏடிஏ) நடத்துது, ப்ரோமெட்ரிக் சென்டர்ல போய் கம்ப்யூட்டர்ல எழுதணும், வருஷம் முழுக்க டேட் இருக்கும். சயின்ஸ்ல 100 கேள்வி (பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30) 90 நிமிஷம். பிஏடின்னு ஒரு செக்‌ஷன், படத்தைப் பாத்து மனசுக்குள்ளயே திருப்பி, மடிச்சு, எண்ணிச் சொல்லணும், 90 கேள்வி 60 நிமிஷம். ரீடிங் 3 பாசேஜ், 50 கேள்வி, 60 நிமிஷம். கணக்கு 40 கேள்வி 45 நிமிஷம். நான் எழுதினப்ப 1 லேந்து 30 வரைக்கும் ஸ்கோர், 2025 மார்ச்லேந்து அத 200 லேந்து 600ன்னு மாத்திட்டாங்க, அதனால சீனியர் அண்ணன் அக்கா சொல்ற 20, 21 எல்லாம் புதுசா எழுதறவங்களுக்கு நேரடியா ஒத்து வராது. பழசுக்குப் புதுசு எவ்ளோன்னு ஏடிஏவே ஒரு டேபிள் போட்டிருக்கு, அதத்தான் பாக்கணும், வாட்ஸப்ல சுத்தற ஸ்க்ரீன்ஷாட்ட இல்ல.

நெறைய பேருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அகாடமிக் ஆவரேஜ்னு பெருசா பேசறாங்களே அதுல பிஏடி சேராது. பயாலஜி, ரெண்டு கெமிஸ்ட்ரி, ரீடிங், கணக்கு இந்த அஞ்சோட சராசரிதான் அது. என் மொத ஸ்கோர் ஷீட்டு இன்னும் ஞாபகம் இருக்கு: பயாலஜி 17, ஜென்கெம் 18, ஆர்கானிக் 19, கணக்கு 18, ரீடிங் 15. கூட்டி அஞ்சால வகுத்தா 17.4, அதான் 17. பிஏடி தனியா 16. நான் பாத்தது அந்த 17ஐ மட்டும்தான், ரீடிங் 15ன்னு ஒரு ஓட்டை மொத்தத்தையும் கீழ இழுக்குதுன்னு எனக்கு உறைக்கறதுக்கே மூணு மாசம் ஆச்சு.

ஸ்கோர் கொறயறது எல்லாம் ஒரே நோய் இல்ல. சயின்ஸ் கொறஞ்சா பெரும்பாலும் படிச்சது பத்தல, அது மாசக்கணக்குல சரி பண்ற வேல. பிஏடி கொறஞ்சா கை பழகல, தெனம் அரை மணி நேரம் ஒக்காந்தா அஞ்சாறு வாரத்துல நல்லாவே ஏறும், எனக்கு ரொம்ப வேகமா ஏறினது அதுதான். கணக்கு கொறஞ்சா முக்கால்வாசி நேரப் பிரச்சனை, ஒரு கேள்விக்கு 67 செகண்டுதான், ஸ்க்ரீன்ல ஒரு சாதா கால்குலேட்டர் குடுப்பாங்க, அது அந்த செக்‌ஷனுக்கு மட்டும்தான், கெமிஸ்ட்ரில கெடையாது, இத தெரியாம வீட்டுல கால்குலேட்டர வச்சு ஜென்கெம் போட்டுப் பழகிட்டு அங்க போய் முழிச்ச ஆளும் நான்தான். ரீடிங் கொறஞ்சா அதான் ரொம்ப மெதுவா ஏறும், அதுலயும் என்ன மாதிரி பதிமூணு வயசு வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தவங்களுக்கு அர்த்தம் எல்லாம் புரியும், வேகம்தான் வராது. அதனால எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஷீட்ட எடுத்து மேஜைல வச்சு அஞ்சு நிமிஷம் பாருங்க, எது இழுக்குதுன்னு தெரிஞ்சாதான் எத்தன நாள் வேணும்னு தெரியும்.

இப்ப அங்கிளோட வழிக்கு வருவோம், 60 நாள்.

ரெண்டு பரீட்சைக்கு நடுவுல குறைஞ்சது 60 நாள் இருக்கணும்னு ரூல், என் காலத்துல அது 90. ரூல் 60 நாள்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு அது 60வது நாள் எழுதியே ஆகணும்னு காதுல விழும் போல. அந்த அறுபது நாள்ல என்ன இருக்குன்னு பாருங்க. மொத பத்து நாள் துக்கம், வீட்டுல யாரும் யாருகிட்டயும் சரியா பேச மாட்டாங்க. காலேஜ் நடந்துட்டு இருந்தா நடுவுல மிட்டர்ம் வரும், லேப் ரிப்போர்ட்டு வரும். கடைசி பத்து நாள் பயம். மிச்சம் நாப்பது நாள்ல தெனம் ரெண்டு மணி நேரம் கெடைச்சா பெருசு. அதுல பழைய நோட்ஸ அதே மாதிரி இன்னொரு தடவ படிச்சிட்டுப் போனா பழைய ஸ்கோர்தான் வரும், ஒண்ணு கூட வரும் இல்ல ஒண்ணு கொறையும். 500 டாலருக்கு மேல பரீட்சை ஃபீஸு வேற.

காசு போனா கூட போகுது, ஸ்கோர் ரிப்போர்ட்டுல கடைசியா எழுதின நாலு தடவையும் தெரியும், மொத்தம் எத்தன தடவைன்னும் தெரியும். பழசு மறைஞ்சிடும்னு நெனச்சு எழுதாதீங்க. ரெண்டாவது தடவ நல்லா ஏறியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பையன் விழுந்து எந்திரிச்சிருக்கான்னுதான் எடுத்துப்பாங்க. 17, 17, 18ன்னு மூணு தடவ வரிசையா இருந்தா இவனால இவ்ளோதான் முடியும்னு நம்மளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு, சைக்கிள் கணக்கு, அதாவது வருஷா வருஷம் வர்ற அட்மிஷன் சுத்து. நெறைய ஸ்கூலுக்கு ஒரே எடத்துல போடற, ஆட்சாஸ்னு சொல்ற அந்த அப்ளிகேஷன் மே நடுவுல தெறக்கும், ஜூன் ஆரம்பத்துலேந்து சப்மிட் பண்ணலாம், அவங்க ட்ரான்ஸ்கிரிப்ட் சரி பாத்து அனுப்ப சில வாரம் எடுப்பாங்க, நெறைய ஸ்கூல் வர வர பாத்துக்கிட்டே இன்டர்வியூக்கு கூப்பிடும், டிசம்பர் நடுவுல சீட்டு குடுக்க ஆரம்பிச்சிடும். அங்கிள் வீட்டு பாப்பா பரீட்சை எழுதினதே ஆகஸ்ட் கடைசில. 60 நாள் கழிச்சுன்னா அக்டோபர் கடைசி, அது ஸ்கூலுக்கு போய் சேந்து ஒருத்தர் திரும்ப ஃபைல தொறந்து பாக்கறப்ப நவம்பர் தாண்டிடும், அப்ப இன்டர்வியூ இடம் பாதிக்கு மேல போயிருக்கும். கல்யாணத்துக்கு மூணாவது பந்தில போய் ஒக்காந்து பாயசம் கேட்ட கத. கெடைக்காதுன்னு சொல்லல, கெடைச்சவங்க இருக்காங்க, ஆனா அத நம்பி ஒரு அட்டெம்ப்ட்ட செலவு பண்ணலாமாங்கறதுதான் கேள்வி.

60 நாள் யாருக்கு சரி வரும்னா, ப்ராக்டிஸ் டெஸ்ட்ல எல்லாம் நல்லா வாங்கிட்டு அன்னைக்கு மட்டும் சொதப்பினவங்களுக்கு. என் ரூம்மேட் ஒருத்தன் வீட்டுல எழுதின அஞ்சு டெஸ்ட்லயும் 20, 21ன்னு வாங்கிட்டு பரீட்சை அன்னைக்கு காய்ச்சலோட போய் 18 வாங்கினான், குறைஞ்சபட்ச நாள் முடிஞ்ச ஒடனே எழுதி 21. அவனுக்கு படிப்புல ஓட்டை இல்ல. அதே மாதிரி அஞ்சு சப்ஜெக்ட்டும் நல்லா இருந்து பிஏடி மட்டும் படுத்துருந்தாலும் ரெண்டு மாசம் போதும். மத்தபடி ப்ராக்டிஸ்லயே 17 வந்தவங்களுக்கு பரீட்சைல 17 வந்தா அது கெட்ட நேரம் இல்ல.

ஒரு வருஷம் விடறது. இதச் சொன்னா வீட்டுல பெரிய பூகம்பமே வரும், எங்கம்மா ஒரு வாரம் என்கிட்ட சாப்பாடு பத்தி மட்டும்தான் பேசுனாங்க. "உன்கூட படிச்சவன் எல்லாம் ரெசிடென்சி முடிச்சிருவான்"னு அத்தை சொன்னாங்க (என்கூட படிச்சவன் யாரும் மெடிக்கல் ஸ்கூலே போகல, அது வேற விஷயம்). ஆனா இங்க கேப் இயர்ங்கறது அசிங்கமே இல்ல, என் கிளாஸ்ல இருபத்தாறு, இருபத்தெட்டு வயசுல மொத வருஷம் சேந்தவங்க தாராளமா இருக்காங்க, ஒருத்தர் கல்யாணமாகி ரெண்டு கொழந்தையோட.

ஒரு வருஷத்தோட நல்லது நேரம் மட்டும் இல்ல, ரீஅப்ளை பண்றப்ப போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவுல என்ன மாத்திக்கிட்டன்னு இன்டர்வியூல கேப்பாங்க, அதுக்கு சொல்ல பதில் வேணும். நான் ஒரு கிளினிக்ல அசிஸ்டென்ட்டா சேந்தேன், சக்‌ஷன் பிடிக்கிறது, ட்ரே ரெடி பண்றது, கருவிய கழுவி ஸ்டெரிலைஸ் பண்றது, சம்பளம் சுமார்தான். ஆனா அதுக்கு முன்னாடி நாப்பது மணி நேரம் ஷேடோயிங்ல ஓரமா நின்னு பாத்தத விட அங்க நாலு நாள்ல அதிகம் பாத்தேன், என் பெர்சனல் ஸ்டேட்மென்ட்ல எழுத உருப்படியா எதாச்சும் கெடைச்சதும் அங்கதான்.

கெட்டது என்னன்னா, ஒரு வருஷம் இருக்கேன்னு ஒரு தெனாவட்டு வந்துரும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசம் நான் புக்க தொடவே இல்ல, தொட்டதா வீட்டுல சொன்னேன். ஜனவரி மொத வாரம்தான் ஆரம்பிச்சேன், ஏப்ரல் கடைசில எழுதினேன், ஆக வருஷம்னு பேரு, படிச்சது என்னமோ பதினஞ்சு பதினாறு வாரம்தான். இப்ப யோசிச்சா அது போதும். அதுக்கு மேல இழுத்தா மொதல்ல படிச்சது மறந்துட ஆரம்பிக்கும்.

அந்தப் பதினஞ்சு வாரத்துல நான் மாத்தினது எதுன்னு கேட்டா, புக்க இல்ல. தப்பு நோட்டு ஒண்ணு போட்டேன். தப்பாப் போன ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: தெரியாம தப்பா, தெரிஞ்சு அவசரத்துல தப்பா, ரெண்டுக்குள்ள குழம்பி தப்பா, நேரமில்லாம குத்துமதிப்பா போட்டதா. மூணு வாரம் கழிச்சு எண்ணிப் பாத்தா பயாலஜில பாதிக்கு மேல 'தெரியாம', கணக்குல கிட்டத்தட்ட எல்லாமே 'நேரமில்லாம'. அதுவரைக்கும் நான் தெனம் கணக்கு பார்முலா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன்! காலுல அடிபட்டவனுக்கு தலைக்கு தைலம் தேச்ச மாதிரி. அப்புறம் கணக்குல பார்முலாவ விட்டுட்டு, பாத்த ஒடனே இது ரெண்டு நிமிஷம் இழுக்கும்னு தெரியற கேள்விய மார்க் பண்ணிட்டுத் தாண்டிப் போற பழக்கத்த மட்டும் பழகினேன், கடைசி நிமிஷம் மிச்சம் எல்லாத்துக்கும் எதாவது ஒண்ண கிளிக் பண்ணிடுவேன், தப்புக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க, காலியா விடறதுதான் நஷ்டம்.

பயாலஜிக்கு ஆழமா படிக்கறத நிறுத்தினேன். அந்த 40 கேள்வி செல்லுலேந்து ஜெனெடிக்ஸ், உடம்புக்குள்ள இருக்கற சிஸ்டம், கரு வளர்ச்சி, செடி, எகாலஜி வரைக்கும் எல்லா பக்கமும் தாவும். மொத தடவ கேம்ப்பெல் புக்க அட்டைலேந்து அட்டை வரைக்கும் படிக்கறேன்னு போட்டோசிந்தசிஸ்லயே ரெண்டு வாரம் ஒக்காந்திருந்தேன். ரெண்டாவது தடவ சுருக்கமான நோட்ஸ், தெனம் அங்கி (Anki) ஆப்ல ஃப்ளாஷ் கார்டு, அவ்ளோதான், பஸ்ல, கிளினிக் லஞ்ச் டைம்ல. ஆர்கானிக்குக்கு ஒரே ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல எல்லா ரியாக்‌ஷனையும் நானே கையால எழுதி பாத்ரூம் கதவுல ஒட்டினேன், அப்பா இன்னைக்கும் கிரிக்னார்ட் ரியாக்‌ஷன் சொல்லுவாரு.

ரீடிங்குக்கு ஜனவரிலேந்து தெனம் ஒரு நீளமான சயின்ஸ் கட்டுரை, டைமர் வச்சு. நடுவுல இன்னொரு கூத்து. கேள்விய மொதல்ல பாத்துட்டு பாசேஜுல தேடுங்கற டெக்னிக்கு நெறைய பேர் சொல்லுவாங்க, என்ன மாதிரி மெதுவா படிக்கறவனுக்கு அது பாதி கேள்விக்கு வேலை செஞ்சது, கருத்து கேக்கற கேள்வி வந்தா கைய விட்டுருச்சு. கடைசில நான் பண்ணது ஒவ்வொரு பத்தி படிச்ச ஒடனே நாலு வார்த்தைல அது எதப் பத்தின்னு அவங்க குடுக்கற பலகைல கிறுக்கிடுவேன், அப்புறம் கேள்விக்கு எந்த பத்திக்கு ஓடணும்னு தெரியும். 15லேந்து 19 ஆச்சு. என் மொத்த ஏற்றத்துல பெரிய பங்கு இதுதான். முடிவா வந்தது பயாலஜி 20, ஜென்கெம் 21, ஆர்கானிக் 21, கணக்கு 20, ரீடிங் 19, பிஏடி 20.

கோச்சிங்கா, சொந்தமாவா? நம்ம ஊரு மனசுக்கு கிளாஸ்னு ஒண்ணு போனாதான் படிச்ச திருப்தி. காப்லான் மாதிரி லைவ் கிளாஸ் எல்லாம் ஆயிரம் டாலருக்கு மேல போகும், மொத தடவ அப்பா அப்படி ஒண்ணுலதான் சேத்து விட்டாரு, டீச்சர் மேல கொறையே சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு தெரிஞ்ச ஜென்கெமுக்கும் மூணு மணி நேரம், தெரியாத ரீடிங்குக்கும் அதே மூணு மணி நேரம். மொத தடவ ஆரம்பிக்கறவங்களுக்கு, தானா ஒக்காந்து படிக்க மாட்டாங்கங்கற ஆளுங்களுக்கு அது நல்லது. திரும்ப எழுதறவனுக்கு கேள்விதான் வேணும், லெக்சர் இல்ல. பூட்கேம்ப், பூஸ்டர் மாதிரி ஆன்லைன் சப்ஸ்க்ரிப்ஷன் சில நூறு டாலர்ல முடிஞ்சிடும், கேள்வி ஆயிரக்கணக்குல இருக்கு, பிஏடிக்கு தினுசு தினுசா புதுக் கேள்வி போட்டுத் தர்ற ஜெனரேட்டர் இருக்கு. ஒண்ணு வாங்குங்க, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மூணு வாங்கி எல்லாத்தையும் பாதி பாதி மேய்ஞ்சிட்டு விடற பழக்கம் எனக்கும் இருந்துச்சு. ஒரே ஒரு செக்‌ஷன் மட்டும் அடி வாங்குதுன்னா அதுக்கு மட்டும் ஒரு ட்யூட்டர் பத்து மணி நேரம் வச்சுக்கறது மொத்த கோச்சிங்க விட மேல். ஏடிஏ விக்கற ப்ராக்டிஸ் டெஸ்ட்ட கடைசி மூணு வாரத்துக்குன்னு எடுத்து வைங்க, மொத நாளே எழுதிக் கெடுத்துக்காதீங்க.

விசா வீட்டுக்கு ஒண்ணு சொல்லணும், இத வெள்ளக்கார அட்வைசர் யாரும் சொல்ல மாட்டாங்க. கிரீன் கார்டு வராம எச்4ல (எச்1பில வேலை பாக்கறவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) வளந்த பிள்ளைங்களுக்கு 21 வயசானா அது போயிடும், எஃப்1க்கு (ஸ்டூடன்ட் விசா) மாறியிருப்பாங்க. அவங்களுக்கு ஒரு வருஷம் சும்மா வீட்டுல ஒக்காந்து படிக்கறதுங்கற வழியே கெடையாது. ஓபிடில (எஃப்1ல படிச்சு முடிச்சவங்களுக்கு கொஞ்ச நாள் வேலை பாக்க குடுக்கற அனுமதி) இருந்தா வேலை படிச்ச படிப்போட சம்பந்தப்பட்டதா இருக்கணும், மொத்தமா 90 நாளுக்கு மேல வேலையில்லாம இருக்க முடியாது. அப்ப கேப் இயர்னா லேப் வேலையோ ரிசர்ச் வேலையோ பாத்துக்கிட்டே சாயங்காலம் படிக்கறதுதான். இன்டர்நேஷனல்னு போட்டா எடுக்காத ஸ்டேட் ஸ்கூலும் இருக்கு, அதனால ஸ்கூல் லிஸ்ட்டு போடறப்பவே அத மொதல்ல வடிகட்டுங்க.

மாஸ்டர்ஸ் சேந்துடலாம்னு இன்னொரு வழி இருக்கு, அங்கிளும் கேட்டாரு. இங்க என் பதில் ஒரே வரிதான், பிரச்சனை டிஏடியா, ஜிபிஏவா (4க்கு போடற காலேஜ் மார்க்கு சராசரி)? டிஏடி மட்டும்தான்னா மாஸ்டர்ஸுக்கு பல ஆயிரம் டாலர் கட்டறது பல் வலிக்கு மூக்கு கண்ணாடி வாங்கற மாதிரி. ஜிபிஏவும் 3க்கு கீழ இருந்தா அப்ப யோசிக்கலாம், ஆனா ஒரு கணக்கு பாத்துட்டு யோசிங்க. 120 கிரெடிட்ல 3.0 வச்சிருக்கற ஒருத்தன் டிகிரிக்கு அப்புறம் இன்னும் 30 கிரெடிட் எல்லாத்துலயும் ஏ வாங்கினாலும் 3.2தான் ஆகும். மாஸ்டர்ஸ்ல சேந்தா அந்த மார்க்கு கிராஜுவேட்னு தனி கட்டத்துல போகும், அண்டர்கிராட் நம்பர் அப்படியேதான் நிக்கும். ஃபெயில் ஆன கோர்ஸ திரும்ப எடுத்தாலும் ஆட்சாஸ் ரெண்டையும் சேத்துதான் கணக்கு போடும், காலேஜ் பழசத் தூக்கினாலும் இவங்க தூக்க மாட்டாங்க. நம்பர ஏத்தறதுக்குன்னு மாஸ்டர்ஸ் போகாதீங்க, இப்ப என்னால கஷ்டமான சயின்ஸ் கோர்ஸ்ல ஏ வாங்க முடியும்னு காட்டத்தான் அது உதவும். அதுலயும் அந்த வருஷமே டிஏடியும் எழுதறேன்னு ரெண்டு மாட்ட ஒரே கவுத்துல கட்டினா ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்கும்.

அப்புறம் அம்மாவோட வழி. "பேசாம மெட்ராஸ்ல பிடிஎஸ் சேத்துடலாம்." எங்க வீட்டுல இது மூணு நாள் சீரியஸா ஓடுச்சு. அங்க சேரணும்னாலும் நீட் எழுதணும், என்ஆர்ஐ சீட்டுக்கும் எழுதணும். நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அஞ்சு வருஷம். அத முடிச்சிட்டு இங்க திரும்ப வந்தா போர்டு போட்டுக்க முடியாது, ஐஎன்பிடிஇன்னு இங்கத்த டென்டல் போர்டு பரீட்சை எழுதணும், அதுக்கு மேல பெரும்பாலும் இங்க ஒரு ஸ்கூல்ல வெளிநாட்டுல படிச்ச டென்டிஸ்டுங்களுக்கான அட்வான்ஸ்ட் ஸ்டேண்டிங்னு ரெண்டு மூணு வருஷம் படிக்கணும், அதுல எடம் கெடைக்கறது இதவிட அடிபிடி, அங்கேந்து நல்லா ப்ராக்டிஸ் பண்ணிட்டு வர்ற டாக்டர்களே ரெண்டு மூணு தடவ அப்ளை பண்றாங்க. கூட்டிப் பாத்தா ஏழெட்டு வருஷம், இங்க ஒரு வருஷம் விட்டு சேந்தா அஞ்சு. இந்தியாலயே செட்டில் ஆகறேன்னா பிடிஎஸ் அருமையான வழி. திரும்பி இங்க வரப்போற பிள்ளைக்கு அது குறுக்கு வழி கெடையாது, சுத்து வழி.

எழுதவே வேணாம், இருக்கற ஸ்கோரோடயே திரும்ப அப்ளை பண்ணுங்கன்னு நான் சொன்ன ஆளுங்களும் உண்டு. ஒரு பொண்ணு, பழைய ஸ்கேல்ல 20, அது சேர்றவங்களோட சராசரிய ஒட்டித்தான் இருந்துச்சு, அவ்ளோ வாங்கியும் எங்கயும் வரல. லிஸ்ட்ட வாங்கிப் பாத்தா எல்லாமே பேரு பெத்த ஸ்கூலு, அதுலயும் வேற ஸ்டேட்டோட பப்ளிக் ஸ்கூல் நாலு. ஈஸ்ட் கரோலினா மாதிரி தன் ஸ்டேட் ஆளுங்கள மட்டுமே எடுக்கற ஸ்கூல் எல்லாம் இருக்கு, அதுக்கு நியூ ஜெர்சிலேந்து காசு கட்டறது உண்டியல்ல போடறதுதான். டெக்சாஸ்ல இருக்கற பப்ளிக் ஸ்கூலுக்கெல்லாம் டிஎம்டிசாஸ்னு வேற அப்ளிகேஷனே இருக்கு, அதுவும் ஆட்சாஸுக்கு முன்னாடியே தெறந்துடும், அங்க இருக்கற நம்ம ஆளுங்க இத கோட்ட விடறாங்க. மொத ஸ்கூலுக்கு 250 டாலருக்கு மேல, அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 100க்கு மேல, அதனால ஒவ்வொரு ஸ்கூலும் போன வருஷம் உன் ஸ்டேட்லேந்து எத்தன பேர எடுத்துச்சுன்னு பாக்காம டிக் அடிக்கறது கையில இருக்கற காச காத்துல விடறது. அந்தப் பொண்ணு ஸ்கோர தொடல, லிஸ்ட்ட மாத்தினா, ஜூன் மொத வாரம் சப்மிட் பண்ணா, போயிட்டா.

லோன் பத்தியும் கேட்டாங்க. 2026 ஜூலை 1லேந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் ப்ளஸ்ங்கற ஃபெடரல் கடன் கெடையாது, டென்டல் மாதிரி படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம்னு வரம்பு. பல பிரைவேட் ஸ்கூலோட ஒரு வருஷ ஃபீஸே அந்த 50,000த்த தாண்டிரும். "அதான் சீக்கிரம் சேந்துடணும்"னு அங்கிள் குதிச்சாரு. இந்த சைக்கிள்ல கெடைச்சாலும் பாப்பா சேரப்போறது 2026 கோடைல, வரம்பு அப்பவே வந்துரும், அவசரப்பட்டு மிச்சமாகறது ஒண்ணும் இல்ல. வேணும்னா ஸ்டேட் ஸ்கூலுக்கு ஒரு வருஷம் காத்திருந்து போனா மிச்சமாகலாம்.

கடைசில ஃபோன பாப்பாகிட்ட குடுத்தாங்க. பயாலஜி 380, ஜென்கெம் 400, ஆர்கானிக் 390, கணக்கு 410, ரீடிங் 430, பிஏடி 350. ரீடிங் நல்லா இருக்கு, எனக்கு பொறாமையா இருந்துச்சு. சயின்ஸ் மூணும் வரிசையா கீழ, அது நாப்பது நாள் வேல இல்ல. ப்ராக்டிஸ் டெஸ்ட் எத்தன எழுதினன்னு கேட்டேன், ரெண்டுன்னா. முழுசா ஒக்காந்து எழுதினது எத்தனன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அனுப்பின அப்ளிகேஷன் அப்படியே கெடக்கட்டும், காசு கட்டினது கட்டினதுதான், வந்தா வரட்டும், நீ இந்த செமஸ்டர் ஜிபிஏவ பாத்துக்கோ, பிஏடி மட்டும் இப்பவே தெனம் இருபது நிமிஷம் ஆரம்பி, டிசம்பர் பரீட்சை முடிஞ்சு சயின்ஸ தொடு, ஏப்ரல் கடைசில எழுதுன்னேன். அந்த டேட்டுக்கு மூணு வாரம் முன்னாடி ரெண்டு முழு டெஸ்ட்ல நெனச்ச ஸ்கோர் வரலன்னா டேட்ட தள்ளி வை, ஃபீஸ் கொஞ்சம் போகும், ஒரு அட்டெம்ப்ட் மிச்சமாகும்.

நேத்து பாப்பாகிட்டேந்து மெசேஜ் வந்துச்சு, ஏப்ரல் 24ன்னு காலண்டர்ல போட்டு படம் எடுத்து அனுப்பியிருந்தா, கூடவே தப்பு நோட்டோட மொத பக்கம். அதுக்கு கீழயே அங்கிள்கிட்டேந்து தனியா ஒரு மெசேஜ்: "தம்பி, அக்டோபர் 29 ஒரு ஸ்லாட் இருக்குப்பா, சும்மா எழுதிப் பாக்கலாமா?"